டிரோன் பறக்கலாம், நஞ்சு பறக்கலாமா?



காரைக்கால் மாவட்டம் நெடுங்காடு பக்கம் எனக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூணு ஏக்கர். இயற்கைக்கு மாறி மூணாவது வருஷம் நடந்துகொண்டிருந்தபோது ஏற்பட்ட ஒரு அனுபவத்தையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் டிரோன் இன்னும் வரவில்லை என்றால், வருவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

மார்கழி மாதம். தூயமல்லி பூட்டுக்கதிர் நிலையில் நின்றது. காலை ஒன்பதரை மணி இருக்கும். வடக்கு வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வடக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, மயிலாடுதுறை மாவட்டம். இந்தப் பக்கம் புதுச்சேரி ஒன்றியப் பகுதி. திடீரென்று தேனீக்கூட்டம் மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வயலில் டிரோன் ஏறிவிட்டது. வாடைக்காத்து அடிக்கிற நேரம். இரண்டாவது சுற்றிலேயே வெள்ளைப் புகை மாதிரி என் பக்கம் சாய்ந்து வந்தது. முகத்தில் ஈரம் பட்டது, மூக்கில் நெடி ஏறியது. அறுத்த புல் கட்டு அங்கேயே கிடந்தது.

ஓடிப்போய்க் கத்தினேன். டிரோன் ஓட்டிய பிள்ளைக்கு இருபத்திரண்டு வயசு இருக்கலாம். மரியாதையாகத்தான் பேசினான். “ஐயா, இது கிரீன் ஜோன். பர்மிஷனே தேவையில்லை. என்கிட்ட லைசென்ஸ் இருக்கு, பாருங்க” என்று செல்போனைக் காட்டினான். நான் வாயடைத்து நின்றேன். வயல்காரர் எனக்கு அண்ணன் முறை. “ஆள் கிடைக்கலடா தம்பி. போன வருஷம் கைத்தெளிப்பான்ல அடிச்சுட்டு நான் மயங்கி விழுந்தது உனக்கே தெரியுமே” என்றார். அதுவும் உண்மைதான்.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை என்பது பின்னாடிதான் தெரிந்தது. ஆனால் அவன் சொன்னது வானத்தைப் பற்றிய விதி. என் வயலில் விழுந்தது நஞ்சு. நஞ்சுக்கு வேறு சட்டம் இருக்கிறது. அது எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் நாம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

முதல் சட்டம்: வானத்துக்கு

இந்தியாவில் டிரோன் பறப்பதற்கான அடிப்படை, 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட டிரோன் விதிகள். ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகம் போட்டது. தமிழ்நாட்டுக்கும் இதுதான், புதுச்சேரிக்கும் இதுதான். வரப்பு தாண்டினால் மாறாது.

டிரோனை எடையை வைத்துப் பிரிக்கிறார்கள். 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 முதல் 25 கிலோ வரை சிறியது. 25 முதல் 150 கிலோ வரை நடுத்தரம். அதற்கு மேல் பெரியது. சுமையையும் சேர்த்துத்தான் எடை கணக்கு. மருந்தடிக்கும் டிரோனை டேங்க் நிரம்பிய எடையோடு பார்த்தால் சிறியது அல்லது நடுத்தரம் வகையில் வரும்.

வானத்தை மூன்று நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். சிவப்பு மண்டலத்தில் ஒன்றிய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. மஞ்சள் மண்டலத்தில் விமானக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். மற்ற இடங்களில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை பச்சை மண்டலம். அங்கே பறக்க முன் அனுமதி தேவையில்லை. எந்த இடம் என்ன நிறம் என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்கலாம். நம்முடையது துறைமுகமும் கடற்கரையும் உள்ள மாவட்டம். “வயல்தானே, பச்சையாத்தான் இருக்கும்” என்று யாரும் யூகத்தில் பறக்கவிடக் கூடாது. பறக்கும் நாளில் வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஏனென்றால் நிறம் மாறும். அவசரத் தேவை வந்தால் மாநில அரசோ, ஒன்றியப் பகுதி நிர்வாகமோ, காவல்துறையோ ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை செல்லும். காவல் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி அதைச் செய்யலாம். திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி மாதிரி லட்சக்கணக்கான சனம் கூடும் நாள், பெரிய தலைவர்கள் வரும் நாள் என்றால், கோயிலைப் படம் எடுக்க ஆசைப்படும் நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

யார் ஓட்டலாம்? 18 முதல் 65 வயதுக்குள், பத்தாம் வகுப்பு தேறி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி முடித்தவருக்குத் தொலைநிலை பைலட் சான்று கொடுக்கிறார்கள். அது 10 ஆண்டு செல்லும். நானோ டிரோனுக்கும், வியாபாரம் இல்லாமல் ஓட்டும் மைக்ரோ டிரோனுக்கும் இந்தச் சான்று வேண்டாம். அதே மைக்ரோ டிரோனில் கூலி வாங்கிக் கல்யாண வீட்டைப் படம் பிடித்தால் சான்று வேண்டும். பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் உள்ள கோடு இதுதான். மருந்தடிக்கும் டிரோனுக்கு எந்த நிலையிலும் சான்று வேண்டும்.

டிரோனுக்கு யு.ஐ.என். என்ற தனி அடையாள எண் இருக்க வேண்டும். நம் வண்டிக்குப் பதிவு எண் மாதிரி. நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். மூன்றாம் நபர் என்றால், பக்கத்து வயலில் நிற்கிற நீங்களும் நானும்தான். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் டிரோன்காரர் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இவ்வளவும் நல்ல விதிகள்தான். ஆனால் முழுக்கப் படித்துப் பார்த்தால் ஒன்று புரியும். டிரோன் எங்கே பறக்கிறது, யார் ஓட்டுகிறார் என்பதைத்தான் இவை பார்க்கின்றன. டேங்கில் இருப்பது பஞ்சகவ்யமா, பூச்சிக்கொல்லியா என்று இவை கேட்பதில்லை.

இரண்டாவது சட்டம்: நஞ்சுக்கு

டேங்கில் என்ன இருக்கிறது என்று கேட்கும் சட்டம் பழையது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், அதன் கீழ் வந்த 1971ஆம் ஆண்டு விதிகள். அதில் 43ஆவது விதி வானிலிருந்து தெளிப்பதைப் பற்றியது. ஹெலிகாப்டர் காலத்தில் எழுதியது. இயற்கை உழவர் ஒவ்வொருவரும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விதி இது. அது சொல்வதன் சாரம்:

தெளிக்கும் பகுதியை அடையாளமிட்டுக் காட்டுவது தெளிப்பவரின் பொறுப்பு.

ஒப்புதல் உள்ள பூச்சிக்கொல்லியை, ஒப்புதல் உள்ள அடர்த்தியில், ஒப்புதல் உள்ள உயரத்திலிருந்துதான் தெளிக்க வேண்டும்.

கழுவிக்கொள்ளவும் முதலுதவிக்கும் தெளிப்பவரே ஏற்பாடு செய்ய வேண்டும்.

தெளிப்பதைப் பற்றி உரிய அதிகாரிகள் வழியாக, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

சம்பந்தமில்லாத ஆட்களும் கால்நடைகளும் குறிப்பிட்ட காலம்வரை அந்த இடத்துக்குள் வராமல் தடுக்க வேண்டும்.

ஓட்டுபவருக்கு அந்த நஞ்சு உடம்பில் என்ன செய்யும் என்பது உள்ளிட்ட தனிப் பயிற்சி வேண்டும்.

2021 டிசம்பர் 21 அன்று ஒன்றிய வேளாண் அமைச்சகம் டிரோன் தெளிப்புக்கென்றே ஒரு செயல்முறை வழிகாட்டியை வெளியிட்டது. அதிலும் முன்னறிவிப்பு, பகுதியைக் குறித்தல், வானிலை பார்த்தல், பாதுகாப்பு இடைவெளி எல்லாம் வருகின்றன. எந்தப் பூச்சிக்கொல்லியை டிரோனில் அடிக்கலாம் என்பதும் தனிக் கேள்வி. 2022இல் 477 பூச்சிக்கொல்லிகளுக்கு இரண்டு ஆண்டு இடைக்கால ஒப்புதல்தான் கொடுத்தார்கள். ஆகவே “கடையில் விற்கிறதே” என்பது பதில் ஆகாது. “டிரோனில் அடிக்க இதற்கு இன்றைய தேதியில் ஒப்புதல் இருக்கா?” என்று கேட்க வேண்டும்.

ஒரு ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். தன் சாகுபடி நிலத்தில் தானே பூச்சிக்கொல்லி பயன்படுத்துபவருக்குச் சட்டத்தின் 38ஆவது பிரிவு விலக்குத் தருகிறது. கூலிக்கு வந்து அடிக்கிறவர் அந்த விலக்குக்குள் ஒளிந்துகொள்ள முடியாது என்பது என் புரிதல். அதனால் நம் கேள்விகளை வயல்காரரிடம் மட்டும் நிறுத்திவிடாமல், டிரோன்காரரிடமும் கேட்க வேண்டும்.

டிரோன் நஞ்சுக்கு ஏன் தனிக் கவனம்?

“கைத்தெளிப்பான்ல அடிச்சா மட்டும் காத்துல வராதா?” என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

நெல்லுக்குக் கையால் அடிக்கும்போது ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் வரை கலக்கிறோம். டிரோனில் ஏக்கருக்குச் சுமார் 10 லிட்டர். ஏக்கருக்கு உண்டான நஞ்சின் அளவு அதேதான் என்றால், ஒவ்வொரு துளியிலும் நஞ்சு இருபது மடங்கு கெட்டி. குறைந்த தண்ணீர் வயல் முழுக்கப் பரவ வேண்டும் என்பதால் துளியும் பொடியாக இருக்கிறது. பொடித்துளி சீக்கிரம் கீழே இறங்காது, காத்தோடு போகும். ஆக, நம் வயலுக்கு வருவது கொஞ்சமாக இருந்தாலும் அது கெட்டியான கொஞ்சம்.

எங்கள் கடற்கரையில் காத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வெயில் ஏற ஏறக் கடல்காத்து கிழக்கே இருந்து வரும். கார்த்திகை, மார்கழியில் வாடை. காலையில் காத்தே இல்லை, பனிமூட்டம் என்றால் அதுவும் ஆபத்துதான். அப்போது கீழே குளிர்ந்த காத்து, மேலே சூடான காத்து. பொடித்துளி இறங்கவும் மாட்டாமல் கலையவும் மாட்டாமல் மிதந்து, எங்கேயோ போய் உட்காரும். இலை லேசாக அசைகிற, திசை நிலையாக உள்ள நேரம் பார்த்து, அந்தத் திசையில் நம் வயலோ குளமோ மாடோ இல்லாதபோது அடிப்பதுதான் ஓரளவு பாதுகாப்பு.

காத்தை நம்பி நஞ்சு தெளித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகளில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். மேடும் பள்ளமுமான நிலம். நடுவே வீடுகள், கிணறுகள், ஓடைகள். அங்கே பிறந்த பிள்ளைகளின் நிலையை நாடே பார்த்தது. 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2017 ஜனவரியில் உத்தரவு போட்டது. அந்தக் காலம் முழுக்க 43ஆவது விதி ஏட்டில் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியமோ 2009ஆம் ஆண்டு ஆணையில், வானிலிருந்து பூச்சிக்கொல்லி தெளிப்பதைப் பொதுவாகத் தடை செய்து, விதிவிலக்காக மட்டுமே அனுமதிக்கலாம் என்று வைத்தது.

இங்கே டிரோன்கள் கூடத்தான் போகின்றன. 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன் கொடுக்க, 2023 நவம்பரில் நமோ டிரோன் தீதி திட்டத்துக்கு 1,261 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் வரை மானியம். ஓட்டப்போவது நம் வீட்டுப் பெண்கள்தான். அவர்களுக்கும் இந்த இரண்டாவது சட்டம் தெரிந்தாக வேண்டும்.

என் வயலில் என்ன நடந்தது?

முகத்தை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அறுத்த புல்லை மாட்டுக்குப் போடவில்லை. எங்கள் பங்கேற்புச் சான்றுக் குழுவைக் கூட்டி நானே விஷயத்தைச் சொன்னேன். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் என் அரிசியை வாங்குகிறவர்களில் கைப்பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். வடக்கு ஓரம் ஒரு மா நெல்லைத் தனியாக அறுத்து, தனியாக அடித்து, இயற்கை நெல் என்று சொல்லாமல் வியாபாரிக்குப் போட்டேன். மூன்று வருஷ உழைப்பில் ஒரு மா போனது. புகார் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கத் தெரியவில்லை என்பதே சரி. மணி என்ன, காத்துத் திசை என்ன, டேங்கில் இருந்தது என்ன என்று ஒன்றையும் நான் குறித்து வைத்திருக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

பருவம் தொடங்கும் முன்:

ஒன்று. சர்வே எண், சான்று நகல், எந்தத் திசையில் யார் வயல் என்ற வரைபடம் ஆகியவற்றோடு ஒரு கடிதம் எழுதுங்கள். “சுற்றிலும் டிரோனில் பூச்சிக்கொல்லி தெளித்தால், 43ஆவது விதிப்படி 24 மணி நேரம் முன்பே எனக்கு அறிவிக்கச் செய்யுங்கள்” என்று கேளுங்கள். வேளாண் அலுவலருக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று. புதுச்சேரியில் 2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடக்காததால், எங்களுக்குக் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர்தான். எல்லையில் நிலம் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

இரண்டு. பக்கத்து வயல்காரரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். கடிதத்தைவிட இது முக்கியம்.

மூன்று. வரப்பில் “இயற்கை வேளாண் நிலம், நஞ்சு தெளிக்காதீர்” என்று பலகை வையுங்கள். காத்து வரும் பக்கம் அகத்தி, சவுக்கு, கிளுவை என்று நெருக்கமாக உயிர்வேலி போடுங்கள். ஓரத்தில் சில வரிசைகளைத் தடுப்புப் பகுதியாக ஒதுக்கித் தனியாக அறுங்கள்.

டிரோன் வந்து நிற்கும்போது கேட்க வேண்டியவை ஐந்து: யு.ஐ.என். எண் என்ன? பைலட் சான்று எங்கே? காப்பீடு இருக்கிறதா? டேங்கில் என்ன நஞ்சு, பாட்டிலைக் காட்டுங்கள். 24 மணி நேர அறிவிப்பை யாரிடம் கொடுத்தீர்கள்? கோபப்படாமல் கேளுங்கள். பெரும்பாலும் ஐந்தாவது கேள்வியில் பேச்சு நின்றுவிடும்.

நஞ்சு நம் வயலில் விழுந்துவிட்டால்:

முதலில் உடம்பு. கழுவுங்கள், துணி மாற்றுங்கள். தலைசுற்றல், வாந்தி, கண் எரிச்சல் இருந்தால் பாட்டில் பெயரோடு மருத்துவமனைக்குப் போங்கள். அந்தச் சீட்டே பிறகு சான்று.

செல்போனில் டிரோனைப் படம் எடுங்கள். ஒரு குச்சியில் துணிக்கிழிசலைக் கட்டி, காத்துத் திசை தெரியும்படி வீடியோ எடுங்கள். நேரத்தைக் குறியுங்கள். பாட்டில் லேபிளைத் தொகுதி எண் தெரியப் படம் எடுங்கள்.

அன்றைக்கே இரண்டு இடத்தில் எழுத்தாகப் புகார் கொடுங்கள். நஞ்சு பற்றி வேளாண் துறையின் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு. ஆளுக்கு ஆபத்தாகப் பறந்தது பற்றிக் காவல் நிலையத்துக்கு. நச்சுப்பொருளை அலட்சியமாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 286ஆவது பிரிவில் குற்றம். “அது தமிழ்நாட்டு எல்லை, அங்கே போ” என்று சொன்னால், குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவைச் சொல்லுங்கள். வரப்பே எல்லையாக இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி.

உங்கள் சான்றுக் குழுவிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கல்லெறிவது, கவணில் அடிப்பது வேண்டவே வேண்டாம். டேங்க் நிறைய நஞ்சோடு இருபது கிலோ சாமான் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. வழக்கும் நம் மேல் திரும்பிவிடும்.

நாமே மீன் அமிலமோ பஞ்சகவ்யமோ டிரோனில் தெளிக்க ஆசைப்பட்டால், நஞ்சுச் சட்டம் நமக்கு இல்லை. ஆனால் வானச் சட்டம் முழுக்க உண்டு. எண், சான்று, காப்பீடு எதுவும் குறையக் கூடாது. கரைசலை மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டாவிட்டால் தெளிமுனை அடைத்துக்கொள்ளும்.

போன சம்பாவுக்கு முன்னால் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 43ஆவது விதியைப் படித்துக் காட்டினேன். “இதெல்லாம் இருக்கா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டிரோனை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர் மயங்கி விழுந்ததை நானும் பார்த்தவன். என் வரப்பை ஒட்டிய ஓரத்தில் டிரோன் விடாமல் இருப்பது, முந்தின நாளே எனக்குச் சொல்வது, வாடை அடிக்கும்போது நிறுத்துவது என்று மூன்றுக்கு ஒத்துக்கொண்டார். மார்கழியில் ஒரு சாயங்காலம் போன் வந்தது. “தம்பி, நாளைக்குக் காலையில டிரோன் வருது. மாட்ட அந்தப் பக்கம் கட்டாத.” காலையில் போய்ப் பார்த்தேன். வாடை அடித்தது. அண்ணன் டிரோன்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொல்லியிருந்தார்.

இந்த வருஷம் அந்த வடக்கு ஒரு மாவும் சேர்த்து ஒன்பது மாவும் எங்கள் குழுவின் கணக்கில் இருக்கிறது. அண்ணன் தன் வயலில் ஒரு மா மட்டும் நஞ்சில்லாமல் போட்டுப் பார்க்கிறேன் என்று விதை கேட்டிருக்கிறார். தூயமல்லி கொடுத்திருக்கிறேன்.